வெளியிணைப்பு எஞ்சினில் மெலிந்த தீப்பொறி: சி.டி.ஐ. பெட்டியை மாற்றுவதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

காக்கைதீவுக் கரை எழுதியது:

எங்களுடைய பதினெட்டு அடி பைபர் படகு மட்டக்குளியில், களனி ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே நிற்கிறது. அதிலிருப்பது 15 குதிரைவலுக் கொண்ட, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே பூட்டும் வகை. பற்றரி கிடையாது, கயிற்றை இழுத்தே கிளப்ப வேண்டும். பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் சிறு படகுகளுக்குத் தொழில் குறைவு என்பதால் எஞ்சினைக் கழற்றிக் கொட்டிலில் நிறுத்தியிருந்தோம். கடல் அடங்கி மறுபடி பூட்டியதிலிருந்து தொல்லை தொடங்கியது.

கயிற்றை நெடுநேரம் இழுத்த பின்னரே எஞ்சின் பிடிக்கிறது. பிடித்த பின் மெதுவான ஓட்டத்தில் குறை எதுவும் தெரிவதில்லை. திராட்டிலை முழுவதும் திறந்தால் விட்டுவிட்டு ஓடுகிறது. சூடேறிய பின் அது இன்னும் மோசமாகிறது. பார்க்க வந்த மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி எஞ்சின் தலையில் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தார். இரண்டு பிளக்குகளிலும் பொறி மெலிந்து, மஞ்சள் கலந்த நிறத்தில் பாய்ந்தது. இரண்டிலும் ஒரே குறை என்றால் இரண்டுக்கும் பொதுவான சி.டி.ஐ. பெட்டிதான் (பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்து உரிய நேரத்தில் விடும் பெட்டி) போயிருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு.

அந்தப் பெட்டியின் விலை சிறியதன்று. மின்சார உதிரிப்பாகங்களை விற்ற பின் கடைக்காரர்கள் திருப்பி எடுப்பதும் இல்லை. ஆகவே பெட்டியை வாங்குவதற்கு முன், ஒரு சாதாரண மல்டிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஒழுங்கில் எவற்றைச் சோதிக்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும்.

பஞ்சிகாவத்தைப் பட்டறை எழுதியது:

தம்பி, அந்த மெக்கானிக் சொன்னதை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டாம். எங்களிடம் வரும் எஞ்சின்களில், பெட்டியை மாற்றியதும் சரியானவை பல உண்டு. பெட்டிக்குள் பாகங்கள் பிசினால் அடைக்கப்பட்டிருப்பதால் அதைத் திறந்து திருத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்ப்பதுதான் தொழில்வழக்கம். அதே வகை எஞ்சின் வைத்திருக்கும் நண்பர் யாராவது பக்கத்தில் இருந்தால், அவருடைய பெட்டியை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். செலவில்லாமல் விடை கிடைத்துவிடும்.

சுழல்காந்தம் எழுதியது:

இரவல் பெட்டியைப் பூட்டும் யோசனை நல்லதுதான். ஆனால் பழுது வேறிடத்தில் இருந்தால் இரவல் வாங்கிய பெட்டியும் சேதப்படக்கூடும் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நலம். பட்டறைக்காரர் கோபிக்க வேண்டாம்.

முதலில், எஞ்சின் தலையில் பிளக்கைச் சாய்த்து வைத்துப் பார்க்கும் சோதனை எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், திறந்த காற்றில் அதைத் தாண்டுவதற்கு மூவாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வோல்ட் வரை போதும். அதே இடைவெளி சிலிண்டருக்குள் இருக்கும்போது, நெருக்கப்பட்ட கலவையின் அடர்த்தி கூடுவதால் பல மடங்கு மின்னழுத்தம் தேவைப்படும். திராட்டிலை முழுவதும் திறக்கும்போது சிலிண்டருக்குள் புகும் கலவையின் அளவு கூடும், நெருக்கமும் கூடும், தேவையான மின்னழுத்தமும் கூடும். மெதுவான ஓட்டத்தில் குறை தெரியாமல், முழு வேகத்தில் மட்டும் பொறி தவறுவதற்குக் காரணம் இதுவே. தலைமேல் வைத்த பிளக்கில் நீலப் பொறி பாய்ந்தாலும் எஞ்சின் ஓடாமல் போகலாம் என்பதால், நிறத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. கடற்காற்றில் கலந்திருக்கும் உப்பின் சோடியமே பொறியில் மஞ்சள் சாயலைக் காட்டக்கூடியது.

நிறத்துக்குப் பதிலாக இடைவெளியை அளவுகோலாகக் கொள்ளுங்கள். யமஹா நிறுவனத்தின் பணிமனைக் கைநூல்களில், பொறி சோதிக்கும் கருவியை 9 மி.மீ. இடைவெளியில் வைக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது. கருவி இல்லாவிட்டால், மின்கடத்தாத பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் கூராக்கிய இரண்டு பித்தளைத் திருகாணிகளை எதிரெதிராகப் பொருத்தி, ஒன்றைப் பிளக் வயரோடும் மற்றதை எஞ்சின் உடலோடும் இணைத்துக்கொள்ளலாம். அந்த 9 மி.மீ. இடைவெளியைப் பொறி தவறாமல் தாண்டினால் மின்சாரப் பகுதி ஏறத்தாழ நலமாக இருக்கிறது. ஐந்தாறு மி.மீ.க்கு மேல் தாண்டவில்லை என்றால், மெலிந்த பொறி என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கிறது.

சோதிக்கும்போது மூன்று எச்சரிக்கைகள் தேவை. எரிபொருள் குழாயைக் கழற்றி, பிளக் துளைகளில் தங்கியிருக்கும் ஆவியை முதலில் கயிற்றை இழுத்து வெளியேற்றி, பொறி பாயும் இடத்தைத் துளைகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இதை மறந்தவர்களின் படகுகள் எரிந்திருக்கின்றன. பிளக் வயர் எதையும் எர்த் இல்லாமல், அதாவது எஞ்சின் உடலோடு இணைக்காமல், தொங்கவிட்டு இழுக்கக் கூடாது. பாய வழியில்லாத மின்னழுத்தம், அதை எழுப்பும் இக்னிஷன் கொயிலுக்குள்ளேயோ பெட்டிக்குள்ளேயோ காப்பைத் துளைத்துவிடும். மூன்றாவதாக, பெட்டிக்கு வரும் வயர்களிலும் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும் என்பதால் இழுக்கும்போது வெறுங்கையால் தொடாதீர்கள்.

அடுத்த படியாக ஸ்டொப் சுவிட்சுக்குச் செல்லும் வயரைச் சி.டி.ஐ. பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்து பாருங்கள். யமஹா எஞ்சின்கள் பலவற்றில் அது வெள்ளை நிற வயர். கறுப்பு வயர் எர்த். காரணத்தை முடிவு வந்த பின் எழுதுகிறேன்.

நீர்கொழும்பான் எழுதியது:

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிளக்கைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எஞ்சின் சூடேறுவதற்கு முன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலோ, மெதுவான ஓட்டத்தில் நெடுநேரம் வலைக்கு அருகே நின்றாலோ, எரியாத எண்ணெயும் கரியும் பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் படிந்துவிடும். அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும். கொயில் எழுப்பும் மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு உயருவதற்கு முன்பே கரிப்படலத்தின் வழியாக வழிந்து போய்விடும். துடைத்த பிளக் வெளியில் நன்றாகப் பொறி விடும். உள்ளே போனதும் விடாது. நீர்கொழும்புக் களப்புக்குள் மெதுவாக ஓட்டி வருபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. படகைக் கட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓட்டி, கார்புரேட்டரில் எஞ்சியிருக்கும் மண்ணெண்ணெயை எரித்துவிட்டு நிறுத்துவது எங்கள் வழக்கம். 

பிளக்கின் எண்ணையும் பாருங்கள். என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை விரைவில் வெளியேற்றுவது. குறையக்குறையச் சூடான வகை. பி7எச்எஸ்-10 என்றால் வெப்ப எண் 7, இடைவெளி 1.0 மி.மீ. கடையில் அது இல்லை என்று 8 எண் கொண்டதைத் தருவார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினில் அது விரைவில் கரி பிடிக்கும். கைநூலில் உள்ள எண்ணைத் தவிர வேறொன்றையும் போட வேண்டாம்.

பொல்கொடைப் படகு எழுதியது:

முழு வேகத்தில் தவறுவது எரிபொருள் குறைவாலும் இருக்கலாம் அல்லவா? எஞ்சின் தடுமாறும் வேளையில் எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர்ப் பந்தை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியதும் வேகம் எழுந்தால் மின்சாரத்தைத் தேடுவது வீண்.

காக்கைதீவுக் கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பந்தை அழுத்தியதில் மாற்றம் எதுவும் இல்லை. தாங்கியில் தண்ணீரும் இல்லை. கைநூலில் குறித்த எண்ணுடைய புதிய பிளக்குகளைப் போட்டும் முழு வேகத் தடுமாற்றம் தொடர்ந்தது.

சுழல்காந்தம் ஐயா சொன்னபடி இடைவெளிக் கருவி ஒன்றைச் செய்தேன். ஸ்டொப் வயர் இணைந்திருக்கும் நிலையில் பொறி 4 மி.மீ.க்கு மேல் தாண்டவில்லை. அந்த வெள்ளை வயரைக் கழற்றிய பின் 7 மி.மீ. வரை தாண்டியது, 9 மி.மீ.யில் இடையிடையே மட்டும் பாய்ந்தது. எஞ்சின் முன்னைவிட எளிதாகவும் பிடிக்கிறது. ஆனால் முழு வேகத் தடுமாற்றம் குறைந்ததே தவிர, நீங்கவில்லை.

சுழல்காந்தம் எழுதியது:

அப்படியானால் குறைந்தது ஒரு பழுது அகப்பட்டுவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது.

இந்த எஞ்சின்களில் பிளைவீலின் உட்புறத்தில் காந்தங்கள் இருக்கின்றன. அவை சுழலும்போது சார்ஜ் கொயிலில் எழும் மின்சாரம், சி.டி.ஐ. பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கொள்ளளவியை நூற்றைம்பது, இருநூறு வோல்ட், சில எஞ்சின்களில் அதற்கும் மேல் வரை நிரப்புகிறது. பல்சர் கொயில் தரும் சில வோல்ட் துடிப்பு உரிய கணத்தில் பெட்டிக்குள் மின்கதவு போல இருக்கும் தைரிஸ்டரைத் திறக்கிறது. கொள்ளளவியில் சேர்ந்தது முழுவதும் ஒரே வீச்சில் இக்னிஷன் கொயிலின் முதற்சுருளுக்குள் பாய, இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. எஞ்சினை நிறுத்தும் முறை எளிது: ஸ்டொப் சுவிட்ச், கொள்ளளவியை நிரப்ப வரும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது.

சுவிட்ச் முழுவதும் மூடினால் பொறியே இராது. ஆனால் பருவக்காற்றுக் காலத்தில் சுவிட்சுக்குள்ளும் அதன் இணைப்பிகளுக்குள்ளும் உப்பு படிந்து ஈரம் பிடித்திருந்தால், சுவிட்ச் திறந்திருக்கும் நிலையிலும் ஒரு பகுதி மின்சாரம் எர்த்துக்குக் கசியும். ஓட்டை வாளியை நிரப்புவது போன்ற நிலை அது. வேகமாக ஊற்றினால் ஓரளவு நிரம்பும், மெதுவாக ஊற்றினால் நிரம்பாது. கயிறு இழுக்கும்போது பிளைவீலின் சுழற்சி குறைவாக இருப்பதால், கிளப்பும்போதே அந்தக் கசிவு அதிகம் தெரிகிறது. உங்கள் எஞ்சின் பிடிக்க மறுத்ததற்கு இதுவே காரணம்.

மல்டிமீட்டரில் அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே தடையை அளந்தால் எல்லையின்மை காட்டலாம். அதைக் கண்டு சுவிட்ச் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். மீட்டர் சில வோல்ட் கொண்டுதான் அளக்கிறது. இருநூறு வோல்ட் வரும்போது உப்புப் படலத்தின் நடத்தை வேறு. வயரைக் கழற்றிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்த வயரைக் கழற்றிய நிலையில் கடலுக்குப் போகக் கூடாது. இடுப்பில் கட்டும் பாதுகாப்புக் கயிறும் அதே சுற்றில்தான் வேலை செய்கிறது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் படகு நிற்காது. சோதனைக்காகக் கரையில், தண்ணீர்ப் பீப்பாய்க்குள் ஓட்டும்போதும் சோக்கை இழுத்து நிறுத்த ஆயத்தமாக இருங்கள். சுவிட்சை மாற்றுங்கள், அதன் விலை பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

எஞ்சியிருக்கும் பழுதைத் தேட இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, சார்ஜ் கொயிலின் உச்ச மின்னழுத்தம். சாதாரண மல்டிமீட்டரின் ஏ.சி. அளவு வீட்டு மின்சாரத்தின் அலைவடிவத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டது என்பதால், குறுகிய துடிப்புகளின் உச்சத்தை அது மிகவும் குறைத்துக் காட்டும். அந்த எண்ணைக் கைநூலோடு ஒப்பிட்டுத்தான் பலர் நல்ல கொயிலைத் தூக்கி எறிகிறார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 1என்4007 டையோடு ஒன்றையும், 0.47 மைக்ரோபரட், 630 வோல்ட் கொள்ளளவி ஒன்றையும், அதற்குக் குறுக்கே போட 1 மெகா ஓம் தடை ஒன்றையும் வாங்குங்கள். டையோடு வழியாகக் கொள்ளளவியை நிரப்பி, அதன் இரு முனைகளிலும் மீட்டரை டி.சி. அளவில் வைத்து வாசித்தால் உச்சம் ஓரளவு சரியாகக் கிடைக்கும். மற்றது, எல்லாச் சுருள்களின் தடையும் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும்.

பொல்கொடைப் படகு எழுதியது:

ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கின் தலையில் மாட்டும் கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்தச் சிலிண்டர் சோர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமே? நான் என்னுடைய பெரிய எஞ்சினில் அப்படித்தான் கண்டுபிடித்தேன். பொல்கொடை ஏரியில் உப்பு குறைவு என்றாலும் வயர்கள் எங்களுக்கும் பழுதாகத்தான் செய்கின்றன.

சுழல்காந்தம் எழுதியது:

உங்கள் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு கொயில் இருந்திருக்கும். சிறிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் ஒரே இக்னிஷன் கொயிலிலிருந்து இரண்டு பிளக் வயர்கள் புறப்படுகின்றன. இரண்டாம் சுருளின் ஒரு முனை மேல் பிளக்குக்கும் மறு முனை கீழ்ப் பிளக்குக்கும் செல்ல, சுற்று எஞ்சின் தலை வழியாக நிறைவு பெறுகிறது. இரண்டு பிளக்குகளும் ஒரே நேரத்தில் பொறி விடுகின்றன. அவ்வாறான கொயிலில் ஒரு கேப்பைக் கழற்றினால் மற்றதன் பொறியும் கெடும். கழற்றிய வயரை எர்த் செய்யாவிட்டால் கொயிலுக்கும் கேடு.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. இரண்டு பிளக்குகளிலும் பொறி மெலிந்திருப்பது, இரண்டுக்கும் பொதுவான பெட்டியில்தான் பழுது என்பதற்குச் சான்றாகாது. இரண்டும் ஒரே சுற்றில் தொடராக இருப்பதால், ஒரு பக்கத்து வயரில் உள்ள குறை மறுபக்கத்துப் பொறியையும் மெலியச் செய்யும். காக்கைதீவு நண்பர் தம்முடைய எஞ்சினில் கொயில் ஒன்றா இரண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பஞ்சிகாவத்தைப் பட்டறை எழுதியது:

அந்தக் கருத்து சரி. ஆனாலும் பிளைவீலை மறந்துவிடாதீர்கள். இழுப்பான் இல்லாமல் சுத்தியலால் அடித்துக் கழற்றிய பிளைவீல்கள் எங்களிடம் வருகின்றன. அடியில் காந்தம் விரிசல் கண்டோ, ஒட்டு விட்டு இடம் பெயர்ந்தோ இருக்கும். காந்தத்தின் வலுவும் குறையும். சார்ஜ் கொயில் நலமாக இருந்தும் மின்னழுத்தம் எழாவிட்டால் அங்கே பாருங்கள். பிளைவீலைத் தண்டில் நிலைநிறுத்தும் சாவி நறுங்கியிருந்தால் பொறி நல்ல வலுவோடு பாயும், ஆனால் பாயும் நேரம் தவறும்.

காக்கைதீவுக் கரை எழுதியது:

எங்கள் எஞ்சினில் கொயில் ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு பிளக் வயர்கள் வருகின்றன. ஸ்டொப் சுவிட்சைப் புதிதாக மாற்றி, அதன் இணைப்பிகளில் பச்சை பிடித்த செம்புப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டேன். அதன் பின் எடுத்த அளவுகள் கீழே உள்ளன.

கயிறு இழுக்கும்போது சார்ஜ் கொயிலின் உச்ச மின்னழுத்தம் 160 வோல்ட்டைத் தாண்டுகிறது. பழைய சுவிட்ச் இணைந்திருந்தபோது 90 வோல்ட் அளவில் நின்றது. சார்ஜ் கொயிலின் தடை குளிர்ந்த நிலையில் 345 ஓம், முழுச் சூட்டில் ஓட்டி நிறுத்திய உடனே 398 ஓம். இக்னிஷன் கொயிலின் முதற்சுருள் 0.7 ஓம். இரண்டாம் சுருளை ஒரு பிளக் கேப்பிலிருந்து மற்றக் கேப் வரை அளந்தபோது எண் நிலையாக நிற்கவில்லை. 30 கிலோ ஓமுக்கு மேல் ஏறியும் இறங்கியும் அலைந்தது. கைநூலோ நான்கு கிலோ ஓம் அளவைக் குறிக்கிறது. கொயில் போய்விட்டதா?

சுழல்காந்தம் எழுதியது:

கொயிலுக்குத் தீர்ப்புச் சொல்ல அவசரம் வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சார்ஜ் கொயில் நலமாக இருக்கிறது. செம்பின் தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் உயரும். 345 ஓம் 398 ஆகியது 15 சதவீத உயர்வு. அதாவது சுருள் நாற்பது பாகை அளவு சூடேறியிருக்கிறது. ஓடிய எஞ்சினின் பிளைவீலுக்குக் கீழே அது இயல்பானதே. சூட்டில் சுருள் அறுபட்டிருந்தால் எண் எகிறியிருக்கும் அல்லது எல்லையின்மைக்குப் போயிருக்கும். கைநூல் எண்கள் பெரும்பாலும் 20 பாகையில் எடுக்கப்பட்டவை என்பதால், கொழும்பின் பகல் வெயிலில் நிழலில் வைத்து அளந்தாலும் நாலைந்து சதவீதம் கூடுதலாகவே வரும். அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள்.

முதற்சுருளின் 0.7 ஓமில் மீட்டர் வயர்களின் தடையும் சேர்ந்திருக்கிறது. இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துவிடுங்கள். இவ்வளவு சிறிய தடையில் அந்தக் கழித்தல் இல்லாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

இரண்டாம் சுருளைக் கேப்புகளோடு சேர்த்து அளந்திருக்கிறீர்கள். கைநூல் எண் கேப் இல்லாமல் எடுக்கப்பட்டது. பல கேப்புகளுக்குள் வானொலி இரைச்சலைக் குறைப்பதற்காக ஏறத்தாழ 5 கிலோ ஓம் தடை வைக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட இரண்டும் நலமாக இருந்தால் மொத்தம் 14 கிலோ ஓம் அளவில் நின்றிருக்க வேண்டும். கேப்புகளை வயரிலிருந்து திருகிக் கழற்றி மூன்றையும் தனித்தனியாக அளவுங்கள். அளக்கும்போது கேப்பை மெல்ல வளைத்தும் பாருங்கள்.

காக்கைதீவுக் கரை எழுதியது:

கொயில் மட்டும் 4.2 கிலோ ஓம். எண் நிலையாக நிற்கிறது. மேல் சிலிண்டரின் கேப் 5.1 கிலோ ஓம். கீழ்ச் சிலிண்டரின் கேப் 20க்கும் 40க்கும் இடையே அலைகிறது. வளைத்தால் சில வேளை எண்ணே வருவதில்லை. உள்ளே வயரில் பதியும் திருகு முனை பச்சை பிடித்துப் பொடியாக உதிர்கிறது.

சுழல்காந்தம் எழுதியது:

இரண்டாம் பழுது அதுதான்.

கேப்பின் தடை கூடுவதால் மட்டும் பொறி தாண்டும் தூரம் பெரிதாகக் குறைவதில்லை, ஏனென்றால் பொறி பாய்வதற்கு முன் அந்தத் தடை வழியாகப் போகும் மின்னோட்டம் மிகச் சிறிது. பாய்ந்த பின் பொறியின் மின்னோட்டம் குறைகிறது, பொறி மெலிகிறது, கனத்த மண்ணெண்ணெய்க் கலவையைப் பற்ற வைக்கும் வலு அதற்கு இல்லாமல் போகிறது. அதோடு, திருகு முனை அரித்துப்போன இடத்தில் ஒரு சிறு இடைவெளி உண்டாகி, பிளக்கின் இடைவெளியோடு தொடராக நின்று மின்னழுத்தத்தின் ஒரு பங்கைத் தின்கிறது. உங்கள் சோதனையில் 9 மி.மீ.யில் பொறி இடையிடையே தவறியது அதனால்தான். எஞ்சின் சூடேறி அதிரும்போது அந்த இணைப்பு இன்னும் தளரும்.

இருட்டிய பின் பீப்பாயில் ஓட்டி, வயர்கள்மேல் தெளிப்பானால் நன்னீரை மெல்லியதாகத் தூவிப் பாருங்கள். காப்பு வெடித்த இடம் இருந்தால் நீலமாக மின்னும். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் நீர்ப்பம்பின் ரப்பர்ச் சக்கரம் விரைவில் கருகிவிடும் என்பதால் பீப்பாய் அவசியம்.

கொயிலைத் தாங்கும் உலோகப் பட்டைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே இருக்கும் எர்த் இணைப்பையும் கழற்றி, வெண்மையாகப் படிந்திருக்கும் அலுமினிய ஒட்சைட்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். முதற்சுருளின் மின்னோட்டம் திரும்பும் வழி அது. அரை ஓம் தடை அங்கே சேர்ந்தாலும் முதற்சுருளின் சிறிய தடையோடு ஒப்பிடுகையில் அது பெரிது.

பஞ்சிகாவத்தைப் பட்டறை எழுதியது:

இந்த எஞ்சினில் பெட்டி தப்பிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிப்பவர்கள் பெட்டி ஒருபோதும் பழுதாவதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சார்ஜ் கொயிலின் உச்சமும் பல்சரின் உச்சமும் கைநூலோடு ஒத்து, ஸ்டொப் வயர் கழற்றிய நிலையில், எர்த் சுத்தமாக இருந்து, கொயிலும் கேப்பும் நலமாக இருந்தும் பொறி மெலிந்திருந்தால் பெட்டியைத் தவிர வேறு யாரும் குற்றவாளி இல்லை. பெட்டியின் வயர்களுக்கு இடையே ஓம் அளந்து அது நலமா இல்லையா என்று சொல்ல முயல்வதும் பயனற்றது. உள்ளே இருக்கும் குறைகடத்திகளின் வாசிப்பு மீட்டருக்கு மீட்டர் மாறும். பெட்டிக்குப் போகும் மின்னழுத்தத்தையும் பெட்டியிலிருந்து கொயிலுக்கு வரும் உச்சத்தையும் அளந்தால்தான் அதன் நிலை தெரியும். அந்த டையோடுக் கருவியை எங்கள் பட்டறைக்கும் ஒன்று செய்துகொள்ளப் போகிறேன்.

காக்கைதீவுக் கரை எழுதியது:

இரண்டு கேப்புகளையும் மாற்றி, கொயிலின் எர்த்தைச் சுரண்டிப் பூட்டினேன். 9 மி.மீ. இடைவெளியைப் பொறி தவறாமல் தாண்டுகிறது. முகத்துவாரத்துக்கு வெளியே முழுத் திராட்டிலில் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்த்தோம். சூடேறிய பின்னும் தடுமாற்றம் இல்லை. பாதுகாப்புக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் உடனே நிற்பதையும் உறுதி செய்துகொண்டோம்.

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. இருட்டில் தண்ணீர் தெளித்தபோது கீழ்ப் பிளக் வயரில் ஓரிடத்தில் மெல்லிய மினுக்கம் தெரிந்தது. கார்களுக்கு விற்கும் தடித்த பிளக் வயரை வாங்கி அதற்குப் பதிலாகப் போடலாமா?

பஞ்சிகாவத்தைப் பட்டறை எழுதியது:

போட வேண்டாம். கார்களுக்கு இப்போது விற்கப்படும் வயர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது கரியூட்டிய நார். உங்கள் கேப் வயருக்குள் திருகிப் பதியும் வகை. அந்தத் திருகு முனை செம்பு இழைகளைப் பற்றினால்தான் இணைப்பு நிலைக்கும், நாரில் பதிந்தால் சில நாட்களில் எரிந்து விலகிவிடும். செம்பு இழை கொண்ட வயர் என்று கேட்டு வாங்குங்கள். கடையிலேயே நுனியைச் சீவிப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் அது அடியளவில் கிடைக்கும்.

ஆனால் உங்கள் கொயிலில் வயர் கழற்றக்கூடிய வகையா, பிசினோடு சேர்த்து வார்க்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். வார்க்கப்பட்டதாயின் வயரைப் பிடுங்க முயல வேண்டாம். மினுக்கம் கேப்புக்கு அருகே இருந்து வயருக்கு நீளமும் மீதம் இருந்தால், அந்த இடத்தைத் தாண்டிக் கொயில் பக்கமாக வெட்டி, கேப்பைப் புதிய நுனியில் திருகிவிட்டால் போதும். கேப்பின் ரப்பர் வாய்க்குள் மட்டும் சிலிக்கன் கிரீசை மெல்லியதாகத் தடவிப் பூட்டுங்கள்.